முதல் பத்துப் பேரின் கணக்கு

ஓர் இணையக் கடையில் இரண்டு தமிழ் நாவல்கள் இருக்கின்றன. முதல் நாவலுக்கு ஒரே ஒரு வாசகர் மதிப்பெண் போட்டிருக்கிறார்: ஐந்துக்கு ஐந்து. இரண்டாவது நாவலுக்கு நூறு பேர் போட்டிருக்கிறார்கள், சராசரி 4.6. எதை மேலே வைக்க வேண்டும்? பள்ளிக்கூடக் கணக்குப்படி ஐந்துதான் பெரிது. ஆனால் தொழில் தெரிந்த தளம் எதுவும் அப்படி வைக்காது. ஏன் வைக்காது என்று தேடிப்போனால் பதினெட்டாம் நூற்றாண்டுப் பாதிரியார் ஒருவரில் தொடங்கி ஜொகூரின் தரவு மையங்கள் வரை போக வேண்டியிருக்கும். வாசகர் அரை நிமிடத்தில் தட்டி அனுப்பும் இரண்டு வரி, அத்தனை வாசல்களையும் தாண்டித்தான் எழுத்தாளருக்கு உதவியாகிறது. அந்த வாசல்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்போம்.

முதல் வாசல், எழுத்து எண்ணாக மாறும் இடம். நீங்கள் ‘நூல்’ என்று தட்டுகிறீர்கள். நம் கண்ணுக்கு அது இரண்டு எழுத்து. கணினிக்கு நான்கு துண்டு: ந, ஊகாரக் குறி, ல, புள்ளி. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுத்து வைத்திருக்கும் பட்டியலுக்கு ஒருங்குறி என்று பெயர். அதில் தமிழின் அடிப்படைத் தொகுதிக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. இணையத்தில் பெருவழக்காக உள்ள முறையில் ஒவ்வொரு தமிழ்த் துண்டும் மூன்று பைட் பிடிக்கும். ஆக ‘நூல்’ என்பது 12 பைட். ஐம்பது சொல்லில் ஒரு மதிப்புரை எழுதினால் ஏறக்குறைய 1,500 பைட் ஆகும். கைப்பேசியில் எடுக்கும் ஒரு படம் 3 மெகாபைட் என்று கொண்டால், அந்த ஒரு படத்தின் இடத்தில் இரண்டாயிரம் மதிப்புரைகளை அடுக்கிவிடலாம்.

அடுத்து, அது போய் உட்காரும் இடம். இந்த விஷயத்தில் ஜொகூருக்குத் தனிச் சிறப்பு உண்டு. ரப்பரையும் செம்பனையையும் நம்பி இருந்த கூலாய் வட்டாரத்தில் இப்போது தரவு மையங்கள் எழுந்து நிற்கின்றன. தரவு மையம் என்றால் ஆயிரக்கணக்கான கணினிகள் இரவு பகலாக ஓடும் குளிரூட்டப்பட்ட கட்டடம். கூலாயில் ஒய்டிஎல் குழுமம் 275 ஏக்கரில் அமைத்துவரும் வளாகத்துக்குத் தொடக்கத்தில் திட்டமிட்ட மின்திறன் 500 மெகாவாட். அதன் முதல் கட்டத்துக்கு முதன்மை வாடிக்கையாளராக 2022இல் சேர்ந்தது சீ நிறுவனம். இணையக் கடையான ஷோப்பியின் தாய் நிறுவனம் அதுதான். ஒரு குறிப்பிட்ட மதிப்புரை எந்தக் கட்டடத்தில் தங்குகிறது என்பதை எந்தத் தளமும் வெளியே சொல்வதில்லை. ஒரே வரிக்குப் பல ஊர்களில் பிரதி வைப்பது வழக்கம். ஜொகூர் பாருவிலிருந்து கூலாய்க்குச் சுமார் 30 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஓடும் ஒளி அந்தத் தூரத்தை, நாம் ஒருமுறை கண் இமைப்பதற்குள் ஆயிரம் தடவை கடந்துவிடும்.

வந்து சேர்ந்த வரி எந்தப் புத்தகத்தைப் பற்றியது? இதற்குத்தான் பின்னட்டையில் 13 இலக்க எண் இருக்கிறது. ஐஎஸ்பிஎன் எனப்படும் அந்தப் பன்னாட்டுத் தர எண்ணை மலேசியாவில் தேசிய நூலகம் வழங்குகிறது. 978ஐ அடுத்து 967, 983, 629 ஆகியவற்றுள் ஒன்று வந்தால் அது மலேசியப் புத்தகம். கடைசி இலக்கம் காவல்காரன். முதல் பன்னிரண்டு இலக்கங்களை ஒன்று விட்டு ஒன்றாக 1ஆலும் 3ஆலும் பெருக்கிக் கூட்டி, கடைசி இலக்கத்தையும் சேர்த்த தொகை பத்தால் மீதியின்றி வகுபடும்படி அந்த இலக்கத்தைப் பொருத்துவார்கள். எங்கே ஓர் இலக்கம் தப்பாகத் தட்டப்பட்டாலும் கணக்கு இடிக்கும். பிழை அங்கேயே பிடிபடும்.

எண் ஒன்றாக இருந்தாலும் எல்லாத் தளங்களும் புத்தகத்தை ஒரே மாதிரி பார்ப்பதில்லை. ஷோப்பியில் ஒரே நாவலை மூன்று பேர் விற்றால் மூன்று தனிப் பக்கங்கள் இருக்கும். நீங்கள் எழுதுவது வாங்கிய பக்கத்தில்தான் ஒட்டிக்கொள்ளும். 2013 முதல் அமேசானின் கையில் இருக்கும் குட்ரீட்ஸ் தளமோ, ஒரு நாவலின் எல்லாப் பதிப்புகளையும் ஒரே குடையின் கீழ் சேர்த்து வைக்கிறது. அங்கே எழுதுவது பதிப்பு மாறினாலும், விற்பவர் மாறினாலும் புத்தகத்தோடேயே இருக்கும்.

இப்போது தொடக்கத்தில் போட்ட புதிருக்கு வருவோம். ஜொகூர் பாருவில் ஒரு நாசி லெமாக் கடையை ஒரே ஒருவர் புகழ்ந்தால், அவர் கடைக்காரரின் மச்சானாக இருக்கலாம் என்று நாம் கொஞ்சம் தயங்குவோம். நூறு பேர் புகழ்ந்தால் தயக்கம் போய்விடும். இந்தத் தயக்கத்தை எண்ணாக்க வழி காட்டியவர் தாமஸ் பேய்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார். அவர் 1761இல் இறந்தார். அவருடைய கட்டுரை 1763இல் அச்சானது. முன்பே தெரிந்ததையும் புதிதாக வந்த சான்றையும் எந்த விகிதத்தில் கலப்பது என்பதுதான் அதன் சாரம். அந்த வழியில் பிறந்த ஒரு கருவி பேய்சியன் சராசரி: ஒவ்வொரு புத்தகத்துக்கும் சில கற்பனை வாக்குகளை முன்கூட்டியே போட்டு வைப்பது. திரைப்படங்களைத் தரப்படுத்தும் ஐஎம்டிபி தளத்தின் புகழ்பெற்ற ‘முதல் 250’ பட்டியல் இந்தக் கருவியால் உருவானதுதான்.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். கடையிலுள்ள புத்தகங்களின் பொதுச் சராசரி 4 என்று கொள்வோம். ஒவ்வொரு புத்தகத்துக்கும் பத்துக் கற்பனை வாக்குகள். மொத்தம் 40 புள்ளி. ஒரே ஓர் ஐந்து வாங்கிய நாவலுக்கு 45ஐ 11ஆல் வகுத்தால் 4.09. நூறு பேரிடம் 4.6 வாங்கிய நாவலுக்கு 500ஐ 110ஆல் வகுத்தால் 4.55. இரண்டாவது நாவல் ஜெயித்துவிட்டது. இந்தக் கணக்கில் தாட்சண்யமும் இருக்கிறது. புதுப் புத்தகத்துக்கு யாரோ ஒருவர் கோபத்தில் ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டாலும் அது ஒன்றுக்குச் சரிந்துவிடாது; 3.73இல் தாக்குப்பிடிக்கும்.

இதே சூத்திரத்துக்குள் எழுத்தாளர்களுக்கான ஒரு ரகசியம் இருக்கிறது. யாருமே மதிப்பெண் போடாத நாவல் 4இல் நிற்கிறது. பத்துப் பேர் வந்து ஐந்து போட்டால் 4.5 ஆகிறது, அரை நட்சத்திரம் ஏற்றம். ஏற்கெனவே ஆயிரம் ஐந்துகள் வாங்கிய நாவலுக்கு இன்னும் பத்துப் பேர் ஐந்து போட்டால் எவ்வளவு ஏறும்? பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அதே பத்துப் பேர், அதே பத்து ஐந்துகள், ஆனால் விளைவில் சுமார் ஐயாயிரம் மடங்கு வித்தியாசம். தளங்கள் தங்கள் சூத்திரத்தைப் பூட்டியே வைத்திருக்கின்றன. அமேசான் 2015இல் நேர்ச் சராசரியைக் கைவிட்டது. மதிப்புரை எவ்வளவு புதியது, எழுதியவர் வாங்கியவர்தானா என்பவற்றையும் கணக்கில் சேர்க்கிறது. சூத்திரம் எப்படி மாறினாலும், முதல் சில குரல்களுக்கே எடை அதிகம் என்ற நியதி மாறுவதில்லை.

மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள் நிற்பது சரியாக அந்த முதல் சில குரல்களுக்குக் காத்திருக்கும் இடத்தில்தான். நாளிதழ்களின் ஞாயிறு பதிப்புகளே இங்கே இலக்கியத்துக்கு நாற்றங்காலாக இருந்தன. நூல் அறிமுகமும் விமர்சனமும் பெரும்பாலும் அங்கேதான் வந்தன. 1924இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ 2019இல் நின்றுபோனபோது அந்தப் பரப்பும் சுருங்கியது. நூல் வெளியீட்டு விழா இன்னமும் நடக்கிறது. பிரமுகர் முதல் நூல் பெறுகிறார், வந்தவர்கள் உறையில் பணம் வைத்துப் புத்தகம் வாங்குகிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள். விழா முடிந்த மறுநாள் அந்தப் புத்தகம் இணையத்தில் ஒரு மதிப்பெண்கூட இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது. பத்துப் பேர் எழுதினால் அதிகமாக ஏறக்கூடிய இடம் அதுதான்.

சரி, மதிப்புரை நிஜமாகவே விற்பனையை நகர்த்துகிறதா? இதைச் சோதிப்பது எளிதன்று. நல்ல புத்தகம் நன்றாக விற்கும், நல்ல மதிப்புரையும் வாங்கும்; எது எதற்குக் காரணம்? ஜூடித் செவாலியே, டீனா மேஸ்லின் என்ற இரு ஆய்வாளர்கள் அழகான ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒரே புத்தகத்தை அமேசானிலும் அதன் போட்டியாளரான பார்ன்ஸ் அண்ட் நோபிள் தளத்திலும் பார்த்தார்கள். புத்தகத்தின் தரம், எழுத்தாளரின் புகழ், தொலைக்காட்சிப் பேட்டி எல்லாம் இரண்டு கடைக்கும் பொது. ஒரு கடையில் மட்டும் புது மதிப்புரை விழுந்து, அந்தக் கடையில் மட்டும் விற்பனை ஏறினால், காரணம் மதிப்புரையாகத்தான் இருக்க வேண்டும். 2006இல் வெளிவந்த முடிவு: மதிப்புரைகள் மேம்பட்ட கடையில் அந்தப் புத்தகத்தின் விற்பனையும் ஏறியது. ஐந்து நட்சத்திரம் தூக்கிவிடுவதைக் காட்டிலும் ஒற்றை நட்சத்திரம் இழுத்துவிடுவது அதிகம் என்பதும் தெரிந்தது. இன்னொன்றும் தெரிந்தது: வாங்குபவர்கள் சராசரி எண்ணோடு நிற்பதில்லை, கீழே எழுதியிருப்பதையும் வாசிக்கிறார்கள்.

அப்படியென்றால் திட்டி எழுதினால் புத்தகம் செத்துவிடுமா? இங்கே ஒரு வேடிக்கை. ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழில் மதிப்புரை வந்த நாவல்களை 2010இல் ஜோனா பெர்கரும் சக ஆய்வாளர்களும் அலசினார்கள். பேர் பெற்ற எழுத்தாளரின் நாவலைச் சாடினால் விற்பனை சுமார் 15 விழுக்காடு குறைந்தது. பேர் தெரியாத எழுத்தாளரின் நாவலைச் சாடியபோது சுமார் 45 விழுக்காடு கூடியது! திட்டு மறந்துபோகிறது, பெயர் நினைவில் தங்கிவிடுகிறது. அறியப்படாத எழுத்தாளருக்குப் பெரிய எதிரி கண்டனத்தைவிட மௌனம்தான்.

நட்சத்திரங்களுக்கு ஒரு தனிச் சுபாவம் உண்டு. ஒரு வகுப்பில் தேர்வு வைத்தால் நடுத்தர மதிப்பெண் வாங்கியவர்களே அதிகம் இருப்பார்கள். கடைத் தளங்களின் மதிப்புரைகளில் பெரும்பாலும் நடு காலியாகக் கிடக்கும். ஐந்தில் பெருங்கூட்டம், ஒன்றில் சிறுகூட்டம், இரண்டிலும் மூன்றிலும் ஆள் மிகக் குறைவு. பிடிக்கும் என்று நினைப்பவர்களே பெரும்பாலும் வாங்குகிறார்கள். வாங்கியவர்களில் மிகவும் மகிழ்ந்தவர்களும் மிகவும் கடுப்பானவர்களும்தான் எழுதுகிறார்கள். ‘பரவாயில்லை’ என்று நினைத்தவர் புத்தகத்தை அலமாரியில் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுகிறார். மூன்று நட்சத்திரம் போட்டுக் காரணம் எழுதும் வாசகர் அரிய பிறவி. அவர் எழுதுவது மற்றவர்களுக்கு நம்பிக்கை தரக்கூடும்.

முன்னால் போனவரின் கருத்து பின்னால் வருபவரை இழுக்கவும் செய்யும். 2013இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஓர் ஆய்வில், ஒரு செய்தித் தளத்தின் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகளில் சிலவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்து, அவற்றுக்கு முதல் ‘ஆதரவு’ வாக்கை ஆய்வாளர்களே போட்டுவிட்டார்கள். அந்த ஒற்றை வாக்கால் அவற்றின் இறுதி மதிப்பெண் சராசரியாக 25 விழுக்காடு உயர்ந்தது. பொய்யாகப் போட்ட எதிர்வாக்கையோ பின்னால் வந்தவர்கள் சரிசெய்துவிட்டார்கள். கூட்டத்துக்கு இரக்கம் உண்டு, ஏமாளித்தனமும் உண்டு.

ஏமாளித்தனம் இருக்கும் இடத்துக்கு எத்தர்கள் வருவார்கள். 2004இல் அமேசானின் கனடாத் தளத்தில் நேர்ந்த கோளாறால், பெயரை மறைத்து எழுதியவர்களின் அசல் பெயர்கள் சில நாள் வெளியே தெரிந்துவிட்டன. பார்த்தால், தங்கள் புத்தகத்துக்குத் தாங்களே புகழாரம் சூட்டிக்கொண்ட எழுத்தாளர்கள் அங்கே இருந்தார்கள்.

பொய்யை எப்படிக் கண்டுபிடிப்பது? 2011இல் கோர்னல் பல்கலைக்கழகத்தில் சிகாகோ நகரத்து ஓட்டல்களைப் பற்றி 400 உண்மை மதிப்புரைகளையும், காசு கொடுத்து எழுதவைத்த 400 பொய் மதிப்புரைகளையும் கலந்தார்கள். பிரித்துக் காட்டச் சொன்னபோது மனிதர்கள், நாணயம் சுண்டிப் பார்ப்பதற்கு மேல் பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. கணினி ஏறக்குறைய 90 விழுக்காடு சரியாகச் சொன்னது. பொய் எழுதியவர்கள் ‘நான், என்’ என்று அதிகம் பேசினார்கள். உண்மையில் தங்கியவர்கள் குளியலறை, அறையின் அளவு, இருக்கும் இடம் என்று கண்ணால் கண்டதை எழுதினார்கள். போகாத ஊருக்கு வழி சொல்பவன் திருப்பங்களைச் சொல்ல மாட்டான், பொதுவாகத்தான் சொல்வான்.

அதெல்லாம் ஆங்கிலத்தில். தமிழ் மதிப்புரையைப் படிக்க உட்கார்ந்த கணினியின் பாடு தனி. ‘சும்மா சொல்லக்கூடாது, அருமை’ என்று ஒருவர் எழுதுகிறார். ‘கூடாது’ என்ற எதிர்மறையைப் பார்த்துப் பழைய தலைமுறை நிரல் முகம் சுளிக்கும். ‘தூக்கமே வரவில்லை’ என்பது மெத்தைக்குப் புகார். மர்ம நாவலுக்குப் பாராட்டு. அதோடு, ஒரு பெயர்ச்சொல் எத்தனை வேடம் போடுகிறது: புத்தகத்தை, புத்தகத்தில், புத்தகங்களையும், புத்தகமாவது. ஜொகூர் வாசகர் இன்னும் ஒரு படி மேலே போய், ‘கதை மெமாங் பெஸ்ட்லா’ என்று மூன்று மொழியை ஒரே மூச்சில் கலந்துவிடுவார்.

இதற்கு இன்றைய மொழிநிரல்கள் கண்ட வழி, சொல்லை உடைத்துப் படிப்பது. அடிக்கடி வரும் சிறு துண்டுகளாக ஒவ்வொரு சொல்லையும் பிரிக்கின்றன. ஒவ்வொரு துண்டுக்கும் நூற்றுக்கணக்கான எண்கள் கொண்ட ஒரு வரிசையைக் கொடுக்கின்றன. இதைச் சொற்திசையன் எனலாம். பல மொழிகளின் கோடிக்கணக்கான வாக்கியங்களைப் படிக்கப் படிக்க, ஒரே சூழலில் வரும் துண்டுகளின் எண்வரிசைகள் ஒன்றுக்கொன்று நெருங்கிவிடுகின்றன. யாரும் அகராதி கொடுக்காமலே ‘அருமை’யும் ‘பெஸ்ட்’டும் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆகிவிடுகின்றன. ஆனால் நிரல் கற்பது இருக்கும் எழுத்திலிருந்துதான். தமிழில் எழுதப்பட்ட மதிப்புரைகள் குறைவாக இருந்தால், தமிழில் அதன் புத்தியும் அந்த அளவுக்குத்தான் வளரும்.

எல்லாம் தாண்டிய பிறகு, உங்கள் வரியின் மிகப் பெரிய பயணம் தொடங்குகிறது. ‘இதை வாங்கியவர்கள் இதையும் வாங்கினார்கள்’ என்ற பரிந்துரையைப் பார்த்திருப்பீர்கள். அதை அமேசான் எப்படிச் செய்கிறது என்று கிரெக் லிண்டன், பிரென்ட் ஸ்மித், ஜெரமி யார்க் ஆகியோர் 2003இல் விளக்கினார்கள். அப்போதே அமேசானுக்கு 2 கோடியே 90 லட்சம் வாடிக்கையாளர்கள். உங்களைப் போன்ற ரசனை உள்ளவர் யார் என்று அத்தனை பேரோடும் ஒப்பிட்டால் விடிந்துவிடும். எனவே ஆட்களை விட்டுப் புத்தகங்களை ஒப்பிட்டார்கள். எந்தெந்தப் புத்தகங்கள் ஒரே ஆளின் கூடையில் அடிக்கடி சேர்கின்றன என்ற அட்டவணையை முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொண்டார்கள். நீங்கள் ஒன்றைத் தொட்டதும் அட்டவணையில் அதற்கு நெருங்கியவற்றை எடுத்து நீட்டினால் போதும்.

இந்த அட்டவணையும் வாசகர் எழுத்தும் கை கோத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு புகழ்பெற்ற கதை உண்டு. பெரு நாட்டு மலையில் சாவின் விளிம்புக்குப் போய் மீண்டதைப் பற்றி ஜோ சிம்ப்சன் எழுதிய ‘டச்சிங் த வாய்ட்’ 1988இல் வந்தது. ஓரளவு பேசப்பட்டு மறக்கப்பட்டது. 1997இல் எவரெஸ்ட் விபத்தைப் பற்றி ஜான் கிராக்கவர் எழுதிய ‘இன்டு தின் ஏர்’ பரபரப்பாக விற்றது. அதைப் படித்தவர்கள், பழைய புத்தகம் இன்னும் பிரமாதம் என்று அமேசானில் எழுதினார்கள். அதைப் பார்த்துச் சிலர் வாங்கினார்கள். இரண்டும் ஒரே கூடையில் சேர்ந்ததால் தளமே பரிந்துரைக்கத் தொடங்கியது. வாங்கியவர்கள் மேலும் எழுதினார்கள். கடைசியில் பழைய புத்தகம் புதியதை விற்பனையில் முந்தியது. 2004இல் கிறிஸ் ஆண்டர்சன் எழுதிய ‘நீண்ட வால்’ கட்டுரை இந்தக் கதையோடுதான் தொடங்குகிறது. மறக்கப்பட்ட புத்தகத்தை எடுத்துக் கொடுத்தது விளம்பரம் அல்ல, பேர் தெரியாத வாசகர்கள்.

ஆகவே, ஒரு மலேசியத் தமிழ்ப் புத்தகம் உங்களுக்குப் பிடித்திருந்தால் செய்ய வேண்டியது இது. வாங்கிய தளத்திலேயே எழுதுங்கள். வாங்கியவர் என்ற முத்திரைக்கு எடை உண்டு. அதே வரிகளைக் குட்ரீட்ஸிலும் போடுங்கள். அங்கே எழுத, வாங்கிய ரசீது தேவையில்லை. ‘அருமை, வாழ்த்துகள்’ என்று நிறுத்தாமல் எந்தப் பாத்திரம், எந்த இடம், ஏன் என்று இரண்டு வரி சேருங்கள். மனிதரும் அதைத்தான் நம்புகிறார்கள், கணினியும் அதைத்தான் நம்புகிறது. தமிழிலேயே எழுதுங்கள். குறை இருந்தால் மறைக்க வேண்டாம். மூன்று நட்சத்திரம் ஒன்றும் துரோகம் ஆகிவிடாது. எழுத்தாளரின் குடும்பத்தார் எழுதக் கூடாது, காசு வாங்கி எழுதக் கூடாது என்பது அமேசானின் விதி. அதை மீறினால் மதிப்புரை நீக்கப்படும், எழுத்தாளர் பெயரும் கெடும். இலவசப் பிரதி வாங்கிப் படித்து, நிபந்தனையின்றி நேர்மையாக எழுதுவதில் தவறில்லை.

அடுத்த முறை நூல் வெளியீட்டுக்குப் போனால், வாங்கிய புத்தகத்தைப் படித்து முடித்த கையோடு அதன் பக்கத்தைத் தேடிப் பாருங்கள். அங்கே பத்துப் பேருக்கும் குறைவாகவே எழுதியிருந்தால், உங்கள் வரிக்கு இன்னும் முழு எடை இருக்கிறது.